மெத்தையில போடுங்க

சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா?

மத்தியானத்திலிருந்து எல்லோரும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். ஹெட் சிஸ்டர் கேட்டாள். டியூட்டி டாக்டர் கேட்டார். பன்னிரண்டாம் கட்டில் அம்மாவின் மகள் என் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டாள். அவளுக்கு மூடியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஹெட் சிஸ்டர் கேட்டது காதில் விழுந்தது, அதனால் அவளும் கேட்டாள். ஆரஞ்சு, ஆரஞ்சு என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வார்டில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் வருகிறது. நாற்பது என்று எழுதிய குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், நூறு என்று எழுதிய குப்பிக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். நூறு குப்பி மருந்தைத் தெரியாமல் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்துவிட்டால், கோடு என்னவோ சரியாகத்தான் காட்டும். உள்ளே போவது இரண்டரை மடங்கு. அது ஆளைக் கொல்லும். இரண்டு வகை சிரிஞ்சும் ஒரே ட்ரேயில் கலந்து கிடந்த வார்டு இது. கத்திக் கத்தித் தொண்டை வறண்டு, கடைசியில் நானே இரண்டு டப்பா கொண்டுவந்து பிரித்து வைத்தேன். அந்த என்னைப் பார்த்துத்தான் இன்று சிவப்பா ஆரஞ்சா என்று கேட்கிறார்கள். ஊருக்கு உபதேசம் செய்தவள் வீட்டில்தான் ஓட்டை என்பது போல ஆகிவிட்டது என் பிழைப்பு.

பன்னிரண்டாம் கட்டில் அம்மா முந்தின நாள் சாயங்காலம் வந்து சேர்ந்தவள். கால் கட்டைவிரலில் ஆறாத புண். கோழிக்குஞ்சு போல உடம்பு, அதில் பாதி சிரிப்பு. வீட்டில் காலையில் முப்பத்தெட்டு யூனிட் போட்டுக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அது உறுத்தியது. டாக்டரிடமே கேட்டேன்.

"டாக்டர், இந்த உடம்புக்கு முப்பத்தெட்டா?"

"வீட்ல அதைத்தானே போடறாங்க? அதைப் போட்டும் சுகர் முந்நூறுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. இதுல நான் வேற குறைச்சா புண் எப்ப ஆறும்? போடுங்க சிஸ்டர்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. காலையில் விரலைக் குத்திப் பார்த்தேன், முந்நூற்றுப் பத்து. மருந்தை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குப் போனேன். அவள் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் போர்வையை அவ்வளவு அழகாக மடித்த நோயாளியை நான் பார்த்ததில்லை.

"எங்கம்மா போடட்டும்?"

"மெத்தையிலயே போடுங்க சிஸ்டர்."

"சரி, மெத்தைக்கே வாங்க மகாராணி. நாற்காலி உங்களுக்குச் சரிப்படாது."

அவள் சிரித்துக்கொண்டே கட்டிலில் ஏறிப் படுத்தாள். கை தானாக வயிற்றுத் துணிக்குப் போனது, போய்ப் பாதியில் நின்றது. பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்த ஆள் ஒருவன் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தான். நடுவில் இருக்க வேண்டிய திரை கிழிந்து மூன்று மாதம் ஆகிறது. திரை இல்லாத வார்டில் எந்தப் பெண்பிள்ளை வயிற்றைத் திறந்து காட்டுவாள்? அதனால் நாங்கள் எல்லோருக்கும் கையில்தான் போடுகிறோம். இன்று இடது கை என்றால் நாளைக்கு வலது கை. ஒரே இடத்தில் போடக் கூடாது, இடத்தை மாற்று, மாற்று என்று எங்களுக்கு மந்திரம் போல ஓதி வளர்த்திருக்கிறார்கள். பஞ்சால் கையைத் துடைத்தேன்.

"கையிலயா?" என்றாள்.

"பின்ன தலையிலயா?"

ஊசி இறங்கியதும் முகத்தைச் சுளித்தாள். "ஸ்ஸ்... எங்க வீட்டுக்காரர் போட்டா போட்டதே தெரியாது."

"அப்ப அவரையே இங்க வேலைக்குச் சேத்துடுவோம். எனக்கும் ஒரு நாள் லீவு கிடைக்கும்."

அதற்கும் சிரித்தாள். ரொட்டியைப் பாலில் நனைத்துச் சாப்பிட்டாள். என் கண்ணாலேயே பார்த்தேன். அதற்கப்புறம் எனக்குத் தலைக்கு மேல் வேலை. இரண்டு பேரை ஆபரேஷனுக்கு அனுப்பினேன், ஒருத்திக்கு ரத்தம் ஏற்றினேன், டிரிப்ஸைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய ஒருத்தியைப் படிக்கட்டிலிருந்து இழுத்துவந்தேன். முற்பகலில் பன்னிரண்டாம் கட்டிலைத் தாண்டியபோது மகள் வந்திருந்தாள். அம்மா கழுத்துவரை போர்த்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். மகள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள்.

"ராத்திரி பூரா கால் வலியில தூங்கலன்னு பக்கத்துக் கட்டில்ல சொன்னாங்க சிஸ்டர். நான் வந்தப்பவே அசந்து தூங்கிட்டிருந்தாங்க. எழுப்பிடாதீங்க."

நான் அடிமேல் அடி வைத்து நடந்தேன். வார்டையே அதட்டிக்கொண்டு போகிறவள், அந்த ஒரு கட்டிலுக்கு மட்டும் பூனை மாதிரி நடந்தேன். இரண்டு தடவை அப்படிக் கடந்து போனேன். வழக்கம் போல ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்! அவள் எழுந்திருக்காததைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்கும்.

சாப்பாட்டு வண்டி வந்தபோதுதான் தெரிந்தது. "அம்மா, எழுந்திருங்க" என்று மகள் தோளைத் தொட்டாள். தலையணை தொப்பலாக நனைந்திருந்தது. நெற்றி ஜில்லென்று இருந்தது. கண் பாதி திறந்து, கருவிழி மேலே போயிருந்தது. விரலைக் குத்தி மிஷினில் வைத்தேன். அது எண்ணே காட்டவில்லை. 'குறைவு' என்று மட்டும் காட்டியது. எண் காட்டும் அளவுக்குக்கூட அந்த உடம்பில் சர்க்கரை இல்லை.

நரம்பு கிடைக்கவில்லை. வலது கையில் குத்தினேன், வெடித்தது. இடது கையில் குத்தினேன், நழுவியது. மகள் பின்னால் நின்று, "தூங்கறாங்கன்னு நெனச்சேனே, தூங்கறாங்கன்னு நெனச்சேனே" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். குளுக்கோஸ் பொடியைக் குழைத்து ஈறில் தேய்த்தேன். பல் கிட்டித்துக்கொண்டது. கையும் காலும் வெட்டி இழுத்தன, காலையில் அவள் அழகாக மடித்த போர்வை தரையில் விழுந்தது. டாக்டர் ஓடி வந்து கழுத்தில் நரம்பைப் பிடித்து மருந்தை ஏற்றினார். சுகர் ஏறியது. எழுபது, நூறு, நூற்று நாற்பது. எல்லா எண்ணும் சரியாக வந்தது, அவள் மட்டும் வரவில்லை. தாழ்வாரக் கோடியில் இருக்கும் தீவிர சிகிச்சை அறைக்குத் தள்ளிக்கொண்டு போனோம்.

"மூளைக்கு ரொம்ப நேரம் சர்க்கரை போகல. பொறுத்துத்தான் பாக்கணும்" என்று டாக்டர் மகளிடம் சொன்னார். பொறுத்துத்தான் பார்க்கணும் என்ற சொல்லை இந்தக் கட்டடத்தில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. அவள் டாக்டருக்கு நன்றி சொன்னாள்.

பிறகுதான் மூடிப் பிரச்சினை. "முப்பத்தெட்டு யூனிட் வீட்ல தினமும் போட்டுக்கிட்டு நடமாடின பொம்பள. இங்க ஒரே ஒரு தடவை போட்டதுக்கு இப்படி ஆகுதுன்னா என்ன அர்த்தம்?" என்றாள் ஹெட் சிஸ்டர். "நூறு குப்பியச் சிவப்புல இழுத்துட்ட. ஒத்துக்கோ, விசாரணையில கொஞ்சம் இரக்கமாவது கிடைக்கும்."

"ஆரஞ்சுலதான் இழுத்தேன் சிஸ்டர்."

"எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும்! போட்ட சிரிஞ்சுகளைப் போடும் பெட்டியைத் தூக்கி வந்து, தடித்த கையுறை மாட்டிக்கொண்டு, அப்படியே பெரிய ட்ரேயில் கவிழ்த்தேன். பைத்தியக்காரி என்று ஹெட் சிஸ்டர் கத்தினாள். கத்தட்டும். ஆரஞ்சும் சிவப்பும் கலந்து ஒரு குவியல் கிடந்தது. எது யாருக்குப் போட்டது என்று ஊசி வாயைத் திறந்து சொல்லவா போகிறது? ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். கண்ணீர் கையுறை மேல் விழுந்தது. காலையில் என் கை எந்த டப்பாவுக்குள் போனது? கண்ணை மூடினால் கை ஆரஞ்சை எடுக்கிறது. மறுபடி மூடினால் சிவப்பை எடுக்கிறது. பல் தேய்த்தோமா இல்லையா என்று எப்படி நினைவிருக்காதோ, அப்படித்தான் ஊசி போட்டதும். தினமும் செய்கிற காரியத்துக்குச் சாட்சி கிடையாது.

"விசாரணை முடியறவரைக்கும் நீ ஒரு ஊசியையும் தொடக் கூடாது" என்றாள் ஹெட் சிஸ்டர்.

சலவைத் துணி அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துப் பார்த்தேன், நினைக்க முடிந்தது. அந்த அம்மா இனி எழுந்திருக்க மாட்டாள், அதைச் செய்தது என் கை என்று நினைத்தேன். அதை நினைக்க முடியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். யாருடைய கையோ என் தோளில் ஒட்டியிருப்பது போல இருந்தது.

வெயில் சாய்ந்த நேரத்தில் ஒரு பெரியவர் வந்து எதிரில் நின்றார். கையில் ஒரு பிளாஸ்க். சட்டையில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது. வலது நடுவிரல் நுனி காய்ப்புக் காய்த்துக் கல்லாகியிருந்தது.

"நீங்கதானே காலையில பன்னண்டாம் கட்டிலுக்கு ஊசி போட்டது? நான் அவ வீட்டுக்காரன்."

எழுந்து நின்றேன். அடிப்பார் என்றே நினைத்தேன். வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் இருந்தேன்.

"ஆமாங்க ஐயா. நான்தான்."

"எனக்கும் ஒண்ணு போட்டு விடுறீங்களா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் பிளாஸ்க்கைத் திறந்தார். ஐஸ் தண்ணீரில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் இன்சுலின் குப்பி.

"எனக்கும் சுகர்தான். அவளுக்கு நான் போடுவேன், எனக்கு அவ போடுவா. காலையில எழுந்ததும் அதான் எங்களுக்கு முதல் வேலை, அப்புறம்தான் காப்பி. நேத்து சாயங்காலத்துல இருந்து எனக்கு யாரும் போடல. மகளுக்கு ஊசியக் கண்டாலே மயக்கம் வரும். இப்ப தலை கிறுகிறுன்னு வருது. இங்க வேற யாரையும் எனக்குத் தெரியாதும்மா."

"உங்களுக்கு என் மேல கோவம் இல்லையா ஐயா?"

"இருக்கு" என்றார். "கோவத்துக்கும் சுகருக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"நான் ஊசியத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. வேற சிஸ்டரக் கூப்பிடறேன்."

"யாரா இருந்தாலும் சரி. மெத்தையில போடச் சொல்லுங்க, அது போதும்."

"பெஞ்சுலயே போடலாம் ஐயா. அதுக்குன்னு எதுக்குக் கட்டில்?"

"கட்டில் இல்லம்மா. மெத்தை." சட்டையின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றினார். தொப்புளுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு மேடுகள், தோலுக்கு அடியில் எதையோ வைத்துத் தைத்தது போல உப்பி நின்றன. மேலெல்லாம் ஊசிப் புள்ளிகள். "இதுதான் மெத்தை. அவ வச்ச பேரு. நான் வண்டிக்கு சீட்டு தைக்கிறவன். 'ஊருக்கெல்லாம் மெத்தை தைச்சது பத்தாம என் வயித்துலயும் ரெண்டு தைச்சுட்டீங்க'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"அவங்களுக்கும் இது இருக்கா?"

"எனக்கு முன்னாடியே அவளுக்குத்தான் வந்துது. ஆரம்பத்துல எல்லாம் மாத்தி மாத்திதான் போட்டேன். ஒவ்வொரு தடவையும் முகத்தைச் சுளிப்பா. எனக்குப் பொறுக்கல. ஒரு இடத்துல மட்டும் சுளிக்கல. சரின்னு அங்கயே போட ஆரம்பிச்சேன். போகப் போக அவளுக்கு வலியே தெரியாமப் போயிடுச்சு. அப்புறம் அவளும் எனக்கு இப்படியே ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சுக் கொடுத்தா."

நான் குனிந்து அந்த மேட்டை அழுத்திப் பார்த்தேன். மேலே மெத்தென்று இருந்தது, அடியில் ரப்பர் போலக் கெட்டித்திருந்தது.

ஒரே இடத்தில் ஓயாமல் இன்சுலின் போட்டால் அங்கே கொழுப்பு திரண்டு கட்டி மாதிரி ஆகிவிடும். வலி தெரியாது, மருந்தும் ஒழுங்காக ரத்தத்தில் சேராது. பாதி அங்கேயே தங்கிவிடும். சுகர் இறங்கவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். கூட்டியதில் பாதியும் மெத்தைக்குத்தான். அப்படியே ஏறி ஏறி முப்பத்தெட்டு. அந்த முப்பத்தெட்டையும் இன்று காலை நான் மெத்தை இல்லாத கையில், சுத்தமான இடத்தில், பாடத்தில் சொன்னபடி போட்டேன். ஒரு சொட்டு வீணாகவில்லை.

மெத்தையிலயே போடுங்க சிஸ்டர் என்று அவள் சொன்னாள். வயிற்றுத் துணிக்குக் கையும் போனது. நான் கட்டில் என்று நினைத்து மகாராணி என்று கேலி பேசினேன்.

ஆக, ஆரஞ்சுதான். என் கை தப்பாக எடுக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு நொடி போன உயிர் திரும்பி வந்தது; ஹெட் சிஸ்டர் முகத்தில் போய் இதை விட்டெறிய வேண்டும் என்று கால் பரபரத்தது. அப்புறம்தான் எதிரில் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதரைப் பார்த்தேன்.

இவரிடம் எப்படிச் சொல்வது? பேசாமல் இருந்துவிடலாம். அவர் என் மேல் கோபப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போவார், அந்தக் கோபமாவது அவருக்குத் துணை. ஆனால் நாளைக்கு வேறு ஆஸ்பத்திரியில் என்னைப் போல ஒருத்தி, பாடம் ஒழுங்காகப் படித்தவள், இவருடைய மொத்த அளவையும் இவர் கையில் போடுவாள். இவரும் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவார்.

"உங்களுக்குக் காலையில எவ்வளவு ஐயா?"

"நாப்பத்திரண்டு."

பெஞ்சில் உட்கார வைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கத் தெரியவில்லை, நேராகவே சொன்னேன். அவர் தன் மெத்தையைக் காய்ப்பு விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

"அப்ப நான் போட்டது எதுவும் அவளுக்குப் போய்ச் சேரலையாம்மா?"

"பாதி சேர்ந்திருக்கும் ஐயா."

"புண்ணு ஆறாம இருந்ததும் இதனாலயா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"இன்னிக்கு நீங்க போட்டது?"

"முழுசும் சேர்ந்துடுச்சு."

அவர் பிளாஸ்க் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடி திருகினார்.

"நான் தொட்டுப் பாத்திருக்கணும் ஐயா. ஒரு வார்த்த கூடக் கேட்டிருக்கணும். மெத்தையிலயே போடுங்கன்னு அவங்க சொன்னாங்க. நான் கட்டிலச் சொல்றாங்கன்னு நெனச்சேன்."

"சொன்னாளா?" நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு போல ஒன்று வந்தது, பாதியிலேயே முகம் கோணிக்கொண்டது. "அவ மேலயும் தப்பு இல்ல, உங்க மேலயும் தப்பு இல்ல. அது எங்க வீட்டுப் பேச்சும்மா. வெளியில யாருக்குப் புரியும்?"

டியூட்டி டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பெரியவரின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். எழுந்து தீவிர சிகிச்சை அறைக்குப் போய், அந்த அம்மாவின் வயிற்றையும் பார்த்துவிட்டு வந்தார். ஹெட் சிஸ்டரும் போய்ப் பார்த்தாள். இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. பெரியவருக்கு ரத்தம் பார்த்தோம், முந்நூற்றைம்பதுக்கு மேல். அப்படியும் டாக்டர் அவருடைய அளவைப் பாதிக்கும் கீழே குறைத்து எழுதினார். ஹெட் சிஸ்டர் ட்ரேயை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். அதுதான் அவளால் கேட்க முடிந்த மன்னிப்பு. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை.

குப்பியில் இருந்த எண்ணை வாய்விட்டுப் படித்தேன். ஆரஞ்சு மூடியை எல்லோருக்கும் காட்டிவிட்டுக் கழற்றினேன். பெரியவரின் இடது கையைத் தடவி, மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்துப் போட்டேன். அவர் கண்ணை இறுக மூடி முகம் முழுக்கச் சுளித்தார்.

"வலிச்சுதா ஐயா?"

"வலிச்சுது." கண்ணைத் திறந்து, "இதைத்தான் அவளால தாங்க முடியாது" என்றார்.

உடனே ஏதாவது சாப்பிடணும் என்று ரொட்டியை நீட்டினேன். அவளைப் பார்த்துவிட்டுச் சாப்பிடுகிறேன் என்று எழுந்தார். ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் கூடவே போனேன். அறையில் மகள் தலைமாட்டில் நின்று அம்மாவின் தலையைக் கோதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. கட்டிலில் அந்த அம்மா காலையில் இருந்ததில் பாதியாகக் கிடந்தாள். மூச்சை மிஷின் விட்டுக்கொண்டிருந்தது.

பெரியவர் கட்டில் ஓரத்தில் குனிந்தார். ஊசி போட்ட இடத்தை வலது கையால் தேய்த்துக்கொண்டே அவள் காதருகில் வாயை வைத்தார்.

"போட்டுக்கிட்டேன்மா" என்றார். "நீ போடற மாதிரியே மெத்தையிலதான் போட்டாங்க. வலிக்கவே இல்ல."